ஒரு கரண்டி உறை

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் எனக்குக் கடல் வரும். கனவில்தான். கடலுக்குள் ஒரு தெரு இருக்கும். அதில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போவேன். மூச்சு முட்டாது. மீன்கள் என்னை யார், எவர் என்று விசாரிக்காமல் வழிவிடும். ஒரு வீட்டுக்கு நீலக் கதவு. கீழ்க்கீல் கழன்று, தண்ணீரில் மெல்ல மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். எங்கோ யாரோ ஒரு பெரிய தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கட்டில் ஆடும். காப்பி வந்தால்தான் நான் தூத்துக்குடிக்குத் திரும்புவேன்.

இதை வெளியே சொல்ல முடியுமா? காப்புரிமை வக்கீல் நயினார் கடலுக்கடியில் வேட்டியோடு உலாவுகிறான் என்று தெரிந்தால் அலுவலகத்தில் எவன் மதிப்பான்? என் மனைவி பொன்மாரியிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"எப்ப இருந்து வருது?"

"சித்திரையில இருந்துன்னு நினைக்கேன்."

"வந்துட்டுப் போகட்டும். நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மின்னுறையைக் கண்டுபிடித்தவள் பொன்மாரி. இப்போது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் மின்னுறை தெரியும். இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடி ஜாடியில் கடல்நீர் ஊற்றி, அரிசி கழுவின தண்ணீரும் சேர்த்து, முந்தின உறையில் ஒரு கரண்டி விட்டு மூடி வைக்க வேண்டும். தயிர் மாதிரியே காலையில் உறைந்திருக்கும். மேலே நீலமாக ஒரு ஆடை படர்ந்திருக்கும். இரண்டு கரித்தகடுகளை உள்ளே இறக்கி வயரை மாட்டினால் வீட்டு விளக்கு, விசிறி, மிக்சி எல்லாம் ஓடும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. முதல் மழை மண்ணில் விழுந்த வாசனை மட்டும் லேசாக இருக்கும். ஊருக்கு வெளியே இருந்த நிலக்கரி நிலையத்தை மூடிவிட்டார்கள். அதன் புகைபோக்கி உச்சியில் இப்போது நாரைகள் குஞ்சு பொரிக்கின்றன.

அந்த நுண்ணுயிரை, கடல் ஏறி மூழ்கிப்போன ஓர் உப்பளத்தின் சேற்றில் அவள் எடுத்தாள். எடுத்து என்ன செய்ய? பல்கலைக்கழகத்தில் அவளுடைய குடுவை, யாரோ ஒருவரின் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பின்னால், குளிர்பெட்டியில் பல வருஷம் கிடந்தது. அவள் எழுதிய கட்டுரையை வாசித்தவர்கள் கைதட்டினார்கள், அதற்குமேல் யாரும் ஒரு தகடுகூடச் செய்து தரவில்லை. காப்புரிமை இல்லாத சரக்கில் பணம் போட எந்தக் கம்பெனிக்காரனும் தயாராக இல்லை. நாளைக்கே எதிர்க்கடைக்காரன் அதையே செய்து விற்றால் போட்ட பணம் போனதுதானே. அப்போதுதான் நான் வந்தேன். விண்ணப்பம் எழுதப் போனவன், கடைசியில் எங்கள் கல்யாணப் பத்திரிகையையும் எழுதி முடித்தேன்.

விண்ணப்பம் லேசில் போகவில்லை. பரிசீலித்த அதிகாரி நல்ல கெட்டிக்காரர். "இந்த உயிர் சேற்றில் தானாகவே இருந்தது. கடல் செய்ததைக் கொண்டுவந்து உங்களுடையது என்கிறீர்களே, இதில் மனிதர் செய்தது என்ன?" என்று கேட்டுவிட்டார். அதே சமயம், காப்புரிமை கிடைத்தால் பணம் போடுகிறோம் என்று முன்வந்த கம்பெனிக்கும் ஒரு கவலை. ஒருமுறை வாங்கின உறையை ஜனங்கள் காலத்துக்கும் பெருக்கிக்கொண்டே போனால் அடுத்த மாதம் யார் வாங்குவார்? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் கிடைத்தது. உறையின் மரபணுவுக்குள் பொன்மாரி ஒரு பூட்டு வைத்தாள். குறிப்பிட்ட தடவை உறைந்ததும் அது தானாகவே செத்துப்போகும்; புதுப் பாக்கெட் வாங்க வேண்டும். "தானே செயலிழக்கும் பூட்டைத் தன்னுள் கொண்ட, மின்சாரம் தரும் நுண்ணுயிர்க் கூட்டம்" என்று, எது எங்களுடையது என வரையறுக்கும் முதல் உரிமைக்கோரலில் எழுதினேன். அதிகாரியின் கையெழுத்து விழுந்தது; காப்புரிமை கம்பெனி பேருக்கு வந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரியை ஒப்பிப்பேன். அதன் பிறகுதான் தகடு ஆலை வந்தது, பாக்கெட்டுக்கான உறையை வளர்க்கும் தாய்த்தொட்டி வந்தது, ஊர் ஊராக வெளிச்சமும் வந்தது. என் தொழிலை யாராவது குறை சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பொன்மாரி பெரிய விஞ்ஞானிதான். ஆனால் அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு செல்லக்கிளி தயிருக்கு உறைமோர் கேட்டு வந்தாள். "விளக்கு வெச்சாச்சே கிளி, காலையில வந்து வாங்கிக்க" என்று இவள் அனுப்பிவிட்டாள்.

"நுண்ணுயிரியல்ல டாக்டர் பட்டம் வாங்குனவ பேசுற பேச்சா இது?" என்று கிண்டல் செய்தேன்.

"பட்டத்துக்கும் இதுக்கும் என்ன? விளக்கு வெச்ச பிறகு உப்பும் உறையும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. எங்க அம்மா குடுக்க மாட்டா, நானும் குடுக்க மாட்டேன்."

"காரணம்?"

"எல்லாத்துக்கும் காரணம் கேட்டா சோறு ஆறிரும். வாங்க."

புரட்டாசி வாக்கில் கம்பெனி மேலாளர் தேவசகாயம் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் விற்பனை குறைந்தால் அவருக்கு இரைப்பை எரியும். கடல் தங்கள் தெருவைக் கொண்டுபோன பிறகு கொஞ்சம் உள்ளே தள்ளிக் குடியேற்றப்பட்டவர்கள் இருக்கும் காலனியில் ஒரு வருஷமாக ஒருவரும் பாக்கெட் வாங்கவில்லையாம். ஆனால் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறதாம்.

"எவனோ பூட்டை உடைச்சிட்டான் நயினார். நோட்டீஸ் குடுங்க. இருக்கிற உறையை எல்லாம் அழிச்சிரணும்னு எழுதுங்க. இத விட்டா நாளைக்கு ஊரே இப்படி ஆகிரும்."

வீட்டில் சொன்னபோது பொன்மாரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"குடுக்காதீங்க" என்றாள்.

"ஒன்னோட கண்டுபிடிப்பு பொன்மாரி. ஒனக்காகத்தான் நான் போறேன்."

"எனக்காக வேண்டாம்."

"பேட்டண்ட் இல்லாம இருந்தா ஒன் குடுவை இன்னும் சாப்பாட்டு டப்பாவுக்குப் பின்னாலதான் இருக்கும். ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இருக்கு. அது பொய்யின்னு நான் சொல்லல. ஆனா மாசாமாசம் செத்த உறையைச் சாக்கடையில ஊத்துறது நீங்க இல்ல, நான். அது சாகணும்னு எழுதி வெச்சதும் நான்தான்." கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "போறதுன்னா போங்க. சட்டையாவது நல்லதாப் போட்டுட்டுப் போங்க."

காலனிக்குள் நுழைந்ததும் முதல் வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் என்று கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். காலால் மிதிக்காமல் கரண்டில் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஜாடி. நீல ஆடை வெயிலில் லேசாக ஏறி இறங்கியது. கம்பெனி உறை இப்படி அசைந்து நான் பார்த்ததில்லை.

"வாங்க சார். வீட்டம்மாவுக்கு ஜாக்கெட்டா?"

நான் யார் என்று சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். உட்காரச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இந்த உறையை யாரும்மா செஞ்சு குடுத்தா?"

"யாரும் செய்யல சார். எனக்கு மேல் வீட்டு பேச்சித்தாய் குடுத்தா. அவளுக்கு அவ நாத்தனா குடுத்தா. மொதல்ல எல்லாரும் பாக்கெட்டுதான் வாங்குனோம். ஒருத்தி வீட்டுல செத்துட்டுன்னா அடுத்தவ வீட்டுல ஒரு கரண்டி கேப்பா. ரெண்டும் ஒண்ணாக் கலந்து ஊத்துவா. அவ வீட்டுல போச்சுன்னா இவ குடுப்பா. இப்படியே போயிட்டும் வந்துட்டும் இருந்துச்சு, ஒரு கட்டத்துல எவ வீட்டுலயும் சாகவே இல்ல."

"அப்படிக் குடுக்கக் கூடாதும்மா. பாக்கெட்டுல அச்சடிச்சிருக்கு."

அவள் உண்மையாகவே குழம்பினாள். "உறை கேட்டு வந்தவள வெறுங்கையோட எப்படி சார் அனுப்பறது?"

எனக்கு இதற்குச் சட்டத்தில் பதில் உண்டு. சொன்னேன். "ஒருத்தங்க வருஷக்கணக்காப் பாடுபட்டுக் கண்டுபிடிச்சது இது. அவங்களுக்கு உள்ளது அவங்களுக்கு வரணும்லா? வரலைன்னா நாளைக்குப் புதுசா ஒண்ணை யாரு கண்டுபிடிப்பா?"

"நியாயம்தான்" என்றாள். மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அது சங்கடமாக இருந்தது. "அவங்க நல்லா இருக்காங்களா சார்?"

"யாரு?"

"கண்டுபிடிச்சவங்க."

"இருக்காங்க."

"பாத்தீங்கன்னா சொல்லுங்க. கடல் வெள்ளம் ஏறுற நாள்ல எங்க தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும். இப்ப மோட்டார் போட்டு எறைச்சிருதோம். பிள்ளைங்க கட்டில் மேல உக்காந்து படிச்ச காலம் போயிட்டு. அதச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு கேக்கட்டா? கம்பெனி உறை வெச்ச வீட்டுல கனவு வருமா?"

"என்ன கனவு?"

"கடல் கனவு. இந்த உறை வந்தபிறகு காலனியில எல்லாருக்கும் வருது. கடலுக்குள்ள எங்க பழைய தெரு அப்படியே இருக்கு சார். நாங்க நடந்து போயிட்டு வாரோம். பாக்கெட் உறை வெச்சிருந்தப்ப இது வரல. எங்க வீட்டுக் கதவுகூட வருது, நீலக் கதவு. இதை அழிச்சிட்டா அதுவும் போயிருமேன்னுதான் கேட்டேன்."

கையில் இருந்த நோட்டீஸை நான் அவள் மேஜையில், வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவில் வைத்தேன். கடுகு நிறத்தில் பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று அங்கே கிடந்தது. எங்கேயோ பார்த்த நிறம். எங்கே என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கும் அந்தத் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். நான் அந்தப் பக்கம் வாழ்ந்தவன் இல்லை. நீலக் கதவுள்ள வீட்டை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் கீழ்க்கீல் கழன்றிருப்பது எனக்குத் தெரியும். கம்பெனி உறையில் கனவு வராது என்கிறாள். கம்பெனி ஊழியர் வீடு என்பதால் எங்களுக்கு மாதந்தோறும் பாக்கெட் இலவசமாக வருகிறது.

வீட்டுக்குப் போனதும் சமையலறை மேலலமாரியைத் திறந்தேன். பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், உடைக்காத பாக்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அடியில் இருந்தது சித்திரை மாதத்துப் பாக்கெட். அடுப்படி மூலையில், துணி போட்டு மூடியிருந்த ஜாடியை முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். நீல ஆடை லேசாக ஒளிர்ந்தபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பொன்மாரி பின்னால் வந்து நின்றாள்.

"சித்திரையில இசக்கிகிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போனேன்" என்றாள். "எங்க வீட்டுல உறை செத்துப்போச்சு, போற வழியில பாக்கெட் எடுக்கணும்னு பேச்சுவாக்குல சொன்னேன். அதுக்கென்னக்கா, இந்தான்னு ஒரு சின்னப் பாட்டில்ல ஊத்திக் குடுத்துட்டா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. நான் செஞ்சதுதான்னு சொல்ல வாயே வரல. அவ குடுத்தது நான் செஞ்சதைவிட நல்லா இருந்துச்சு."

"கனவு?"

"பூட்டுப் போட்ட உறையில ஒவ்வொரு உயிரும் தனித்தனியா வேலை செய்யும். பூட்டு போனதும் எல்லாம் ஒண்ணு சேந்து மெதுவா மூச்சு விடுது. அந்த அலை நம்ம தூக்கத்துல கலந்திரும்னு நினைக்கேன். தாலாட்டு மாதிரி."

"அது சரி. அவங்க தெரு எப்படி என் கனவுல வருது?"

"அது எனக்குத் தெரியலங்க." கண்டுபிடிப்பாளர்கள் இப்படி ஒப்புக்கொள்வதை நான் அதிகம் கேட்டதில்லை. "அந்தச் சேத்துல எடுத்ததுதானே. அங்கேயே கெடந்தது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்ம வீட்டுக்கும் ஒரு நோட்டீஸ் எழுதியிருப்பீங்க. நல்லாத்தான் எழுதுவீங்க."

 துணியை இழுத்து ஜாடியை மூடினேன். பார்த்ததைப் பார்க்காமல் இருப்பது எங்கள் தொழிலில் ஒரு திறமை; அன்றைக்கு அது எனக்கு நன்றாகவே வந்தது.

அந்த வாரக் கடைசியில் தேவசகாயம் சந்தோஷமாகப் போன் செய்தார். காலனியில் எல்லோரும் பயந்துபோய் ஜாடிகளைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்களாம். ஜாடியைக் கொதிக்கிற தண்ணீரில் வேறு கழுவியிருக்கிறார்கள். பத்திரிகையில் செய்தி வந்ததும் மற்ற ஊர்களில் இப்படிக் கைமாற்றி வைத்திருந்தவர்களும் கவிழ்த்துவிட்டார்கள். பொன்மாரி அன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிட்டதாகப் பெயர் பண்ணினேன்.

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. கம்பெனியின் தாய்த்தொட்டி வெளுக்க ஆரம்பித்தது. முதலில் ஓரம், பிறகு நடு. பொன்மாரி முகமூடி போட்டுக்கொண்டு தொட்டியே கதி என்று கிடந்தாள். உறையைத் தாக்கும் ஒரு வைரஸ் எங்கிருந்தோ வந்திருந்தது. தொட்டியில் இருந்த அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றைக் கொன்றது எல்லாவற்றையும் கொன்றது. தொட்டியிலிருந்து வெளியே போன பாக்கெட்டுகள் வழியாக அது வீடு வீடாகவும் போய்விட்டது.

சட்டப்படி நாங்கள் அரசுக் காப்பகத்தில் ஒரு மாதிரி ஒப்படைத்திருந்தோம். காப்புரிமை வாங்குகிறவர்கள் அப்படி ஒப்படைக்க வேண்டும். அவர்கள் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதை விமானத்தில் கொண்டுவந்து, கழுவிக் காயவைத்த தொட்டியில் விட்டார்கள். இரண்டு நாள் நீலமாக இருந்தது. பிறகு அதுவும் வெளுத்தது. அதுவும் அதே அச்சுத்தானே.

தூத்துக்குடியில் ஒவ்வொரு தெருவாக விசிறிகள் நின்றன. ஜனங்கள் மொட்டைமாடிக்குப் போனார்கள். பழைய புகைபோக்கியைத் திறக்கப்போகிறார்கள், நிலக்கரிக் கப்பல் கிளம்பிவிட்டது என்று பேச்சு அடிபட்டது. நாரைகள் என்ன செய்யும் என்று நான் யோசித்தேன். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய விஷயமா அது? ஆனால் மனசு அங்கேதான் போனது.

தொட்டியிலிருந்து பொன்மாரி சாயங்காலம் திரும்பி வந்தாள். சோர்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எங்கள் தெருவில் எங்கள் வீட்டு விளக்கு ஒன்றுதான் எரிந்தது. ஜன்னல்களை மூடி, திரை போட்டு வைத்திருந்தேன்.

"நம்ம ஜாடிக்கு ஒண்ணும் ஆகலியா?" என்று கேட்டேன்.

"ஆகாது. அது எத்தனை வீட்டு உறை. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கிக்கிடும்." கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "தேவசகாயம் சார் கேட்டாரு. எங்கேயாவது ஒரு சொட்டு உயிரோட இருந்தாக் கொண்டுவாம்மான்னு அழாத குறைதான். கொண்டுபோய்க் குடுத்தா என்ன செய்வாங்க?"

"பெருக்குவாங்க."

"பெறகு?"

"பூட்டுப் போடுவாங்க."

"போட்டா மறுபடி ஒரே அச்சு. மறுபடி இதே கதி. பூட்டுப் போடாம ஊருக்குக் குடுத்தா?"

"அது முடியாது பொன்மாரி. அந்த ஜாடியில இருக்கிறது கம்பெனியோட சொத்து."

"எப்படி?"

"பேட்டண்ட் இருக்குல்லா?"

"எதுக்கு இருக்கு? நீங்க எழுதுன அந்த வரியைச் சொல்லுங்க. தூக்கத்துலயும் சொல்லுவேன்னு பெருமையடிப்பீங்கள்லா."

சொன்னேன். "தானே செயலிழக்கும் பூட்டைத் தன்னுள் கொண்ட..." அங்கேயே நின்றுவிட்டேன்.

பொன்மாரி கண்ணைத் திறந்தாள். "என்னாச்சு?"

"இதுல பூட்டு இல்லையே."

"இல்ல. ரெண்டு வீட்டு உறையும் கலந்தப்பவே உடைஞ்சு போச்சு."

"பூட்டு இல்லைன்னா இது நான் எழுதுனது இல்ல பொன்மாரி."

அந்த அதிகாரி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. இதில் மனிதர் செய்தது என்ன? நாங்கள் காட்டியது பூட்டை. உயிர் கடலுக்கு, சாவு மட்டும் எங்களுக்கு என்று நானே எழுதி, நானே வாதாடி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். கரித்தகடு கம்பெனியுடையது, அதில் சந்தேகமில்லை, அதற்கு உள்ளதை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் காலனியில் யாரும் எதையும் திருடவில்லை. என் நோட்டீஸ்தான் தப்பு. இத்தனை வருஷம் மனப்பாடமாக வைத்திருந்த வரியை நான் ஒருமுறைகூட அர்த்தத்தோடு வாசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. 

"அவங்க ஜாடியை எல்லாம் கவுத்த பிறகு சொல்லுதீங்க" என்றாள் பொன்மாரி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"அக்கா... ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன்."

கதவைத் திறந்தேன். இசக்கியம்மாள். பஸ் ஓடாததால் காலனியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். புடவையின் கீழ்ப்பக்கம் முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய ஜாக்கெட். கடுகு நிறம்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. ஒரு அடி பின்னால் வைத்தாள். "சார், நாங்க எல்லாத்தையும் ஊத்திட்டோம் சார். ஜாடியக்கூடக் கழுவிட்டோம். இது அந்த அக்காவோட ஜாக்கெட். மெஷின் ஓடல, கையாலயே தைச்சு முடிச்சேன். குடுத்துட்டுப் போயிருதேன்."

"உள்ள வா இசக்கி" என்று பொன்மாரி எழுந்து வந்தாள்.

இசக்கி உள்ளே வரவில்லை. அவள் பார்வை என்னைத் தாண்டி, கூடத்தில் எரிந்த விளக்குக்குப் போயிற்று. சுற்றிலும் இருட்டான தெரு. மூடியிருந்த ஜன்னல். அவளுக்குப் புரிந்துவிட்டது. உதடு லேசாகத் திறந்தது. கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். மறுபடி விளக்கைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

"காலையில வாரேன்க்கா" என்றாள்.

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. விளக்கு வெச்சாச்சே. இப்பக் கேக்கக் கூடாது." ஜாக்கெட்டை நீட்டினாள். "இன்னைக்கு வெள்ளம் ஏறும்னாங்க. மோட்டார் ஓடாது. பரவால்ல, கட்டில் மேல இருந்துக்கிடுவோம். காலையில வெள்ளனே வாரேன்."

பொன்மாரி என்னைப் பார்த்தாள். அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவள்தான், ஆனால் விளக்கு வைத்த வீட்டிலிருந்து உறை எடுத்துக் கொடுக்க அவளுக்குக் கை வராது. வாங்க இவளுக்கும் கை வராது. காலையில் என்றால் காலையில்தான். அதற்குள் அங்கே கட்டில் கால் முங்கிவிடும்.

இருபது வருஷம் சட்டம் பேசியவன் நான். சட்டத்தை உடைக்காமல் சுற்றிப் போவது எப்படி என்று எனக்குத் தெரியாதா?

நான் போய்க் கூடத்து விளக்கை அணைத்தேன். சமையலறை விளக்கையும் அணைத்தேன். விசிறி நின்றது. எங்கள் வீடும் தெருவோடு தெருவாக இருட்டாயிற்று.

"இந்த வீட்டுல இன்னும் விளக்கு வைக்கலம்மா" என்றேன். "கேளு."

 அடுப்படி மூலையில் துணி வழியாக ஜாடியின் நீலம் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. அந்த வெளிச்சத்தில் இசக்கியின் முகம் அரைகுறையாகத் தெரிந்தது. அவள் இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். நோட்டீஸ் கொண்டுவந்தவன் கேள் என்கிறானே, இது என்ன பொறி என்று நினைத்திருப்பாள்.

"ஒங்க வீட்டு நீலக் கதவுக்குக் கீழ்க்கீலு கழண்டிருக்கும்" என்றேன். "நேத்துகூடப் பாத்தேன்."

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அவரு மாட்டுதேன் மாட்டுதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு சார், கடைசிவரைக்கும் மாட்டல."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பொன்மாரியின் பக்கம் திரும்பினாள். யார் வீட்டு வாசலிலும் எந்தப் பெண்ணும் கேட்பதுபோல, சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, ஒரு கரண்டி உறை இருக்குமா?"

பொன்மாரி இருட்டில் தடவித் தடவி ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். கரண்டி ஜாடியில் இறங்கியபோது நீலம் ஒருமுறை கலங்கி, மறுபடி கூடிக்கொண்டது.

"நீங்க எங்கக்கா வாங்குனீங்க? ஊரு பூரா செத்துட்டுன்னாங்களே."

 தான்தான் இதைக் கண்டுபிடித்தவள் என்று இப்போதாவது சொல்வாள் என நினைத்தேன்.

"ஒன்கிட்ட வாங்குனதுதான் இசக்கி. சித்திரையில குடுத்தியே" என்றாள் பொன்மாரி. "மூடியை இறுக்கிப் பிடிச்சுக்க. சிந்திராம போ."